காசும் கேஷும்

திருநெல்வேலியில் ஒரு அல்வாக் கடை. வாங்க வந்தவர், "அண்ணாச்சி, காசு எவ்வளவு?" என்கிறார். கல்லாவில் இருப்பவர், "கேஷா, ஜீபேயா?" என்று திருப்பிக் கேட்கிறார்.

காசு, கேஷ்... ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. அப்படியென்றால் ஆங்கிலேயர் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்தானே இது? பலரும் அப்படித்தான் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் அது பாதி உண்மைதான். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன!

முதலாவது, நாம் தினமும் சொல்லும் ரொக்கம். இது தமிழ் அல்ல. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸா' ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயரானது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. "இன்னைக்கு கல்லா எவ்வளவு?" என்று நாமும் பெட்டியைச் சொல்லிப் பணத்தைத்தானே கேட்கிறோம்!

இரண்டாவது 'கேஷ்' ஒரு சிறு நாணயம். இதுதான் நம் காசு. 16ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கடற்கரைகளுக்கு வந்த போர்த்துகீசியர், காசைத் தங்கள் வாயில் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றால் பெட்டி என்றும் பொருள். ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' என்றார்கள். இப்படித்தான் பெட்டியும் நாணயமும் ஒரே சொல்லாகிவிட்டன. சீனாவின் சதுரத் துளையிட்ட செப்புக்காசுக்கும் ஐரோப்பியர் இதே பெயரைத்தான் வைத்தார்கள்.

'காசு' சமஸ்கிருதக் 'கர்ஷ'த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் தாமிரபரணிக் கரையில் அது பழைய சொல். சுமார் 1200 ஆண்டுகளுக்கு முந்தைய அம்பாசமுத்திரம் கல்வெட்டைப் பாருங்கள். பாண்டியன் வரகுணன், இளங்கோக்குடி (இன்றைய அம்பாசமுத்திரம்) கோயில் வழிபாட்டுக்காக ஊர்ச் சபையிடம் 290 காசு கொடுக்கிறான். ஒரு காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். முதலில் கை வைக்கக் கூடாது, வட்டியில்தான் செலவு. இன்று வணிகவியல் வகுப்பில் அறக்கட்டளைக் கணக்கு என்று படிப்பதும் இதைத்தான்!

கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தச் சொல்லை விடவில்லை. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சென்னைக்கான 10, 20 காசு செப்பு நாணயங்கள் இங்கிலாந்திலேயே அச்சாகிக் கப்பலேறின. அவற்றை ஏற்றிய 'அட்மிரல் கார்டனர்' 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைக் கடலிலிருந்து எடுத்தார்கள்.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. ஆனால் திருவிதாங்கூரில் காசு தொடர்ந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அதன் செப்பு நாணயங்களில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றே பொறித்தார்கள். 1956இல்தான் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்த செங்கோட்டை, அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் காசு என்று சொல்லிக் 'கேஷ்' என்று எழுதிய நாணயத்தை நீட்டியவர்கள்!

ஆகவே கேஷ் புத்தகத்தில் இருப்பது பெட்டியின் பெயர். நம் காசிலிருந்து பிறந்த 'கேஷ்' இன்று நாணயம் சேர்ப்பவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் காசு மட்டும் எங்கும் போகவில்லை. ஜீபேயில் அனுப்பிவிட்டும் நெல்லைக்காரர், "காசு வந்துட்டா அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறார்.