டிஜிட்டல் வெளியீடு (கேரளப் பள்ளிகள்)

அளவீட்டுக் கருவி அல்லது மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று வெளியே உள்ள விளக்கு, மோட்டார், ரிலே போன்றவற்றை இயக்கவும் நிறுத்தவும் உதவும் முனை. இதற்கு இரண்டே நிலைகள்: 0 வோல்ட், 5 வோல்ட் (புதிய பலகைகள் பலவற்றில் 3.3). கேரள அரசுப் பள்ளிகளில் இது பரவலானது, திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட, மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான 'கைட்' நிறுவனத்தால்.

வரலாறு: இதன் முன்னோடி கணினியின் பழைய பிரின்டர் போர்ட். அதன் 25 முனைகளில் 2 முதல் 9 வரையிலான எட்டும் பிரின்டருக்கு எழுத்துகளை அனுப்ப ஏற்பட்டவை. அவற்றில் ஒன்றில் எல்இடியைச் செருகி, புரோகிராம் எழுதி எரியவிட்டு அணைப்பதே அக்கால ஆர்வலர்களின் அரிச்சுவடி. புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004-ல் தொடங்கிய 'ஃபீனிக்ஸ்' அறிவியல் சோதனைக் கருவித் திட்டத்தின் முதல் பெட்டியும் இந்தப் போர்ட்டையே நம்பியிருந்தது. புதிய கணினிகளில் போர்ட் மறையவே, பெட்டிக்குள் மைக்ரோகண்ட்ரோலர் வந்தது; பிறகு யுஎஸ்பியில் இயங்கும் 'எக்ஸ்பைஸ்' பிறந்தது.

எக்ஸ்பைஸின் டிஜிட்டல் வெளியீட்டு முனைக்கு 'ஓடி1' என்று பெயர். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மின்காந்தத்தை அதில் இணைத்தால் சிறிய இரும்புக் குண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். பைத்தானில் ஒரே வரி. ஓடி1 பூஜ்யமாகும், குண்டு விழும். கீழே உள்ள தகட்டில் அது படும் கணத்தையும் அதே கருவி பிடித்துக்கொள்கிறது. 30 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 0.248 வினாடி, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய திருவனந்தபுரத்தில் அது சுமார் 9.78 மீ/வி². மின்சாரம் நின்ற பிறகும் காந்தம் குண்டைச் சற்றே பிடித்து வைப்பதால் முதல் விடை குறைவாகவே வரும். இரண்டு உயரங்களில் அளந்து அந்தத் தாமதத்தைக் கழிப்பது வழக்கம். இயக்குவதும் அளப்பதும் ஒரே கருவியாக இருப்பதால், கற்பிப்பதற்கு இதுவே தனிப் பலகைகளைவிட ஏற்றது.

இணைப்பு: ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் முனையிலிருந்து எடுக்கத் தக்கது 20 மில்லிஆம்பியர்தான். 5 வோல்ட் ரிலேச் சுருள் ஒன்றோ 70 மில்லிஆம்பியர் அளவுக்குக் கேட்கும். ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்; அணைக்கும்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தத்தை அடக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். டயோடை விட்டுவிட்டாலும் முதல் நாள் எல்லாம் ஒழுங்காகவே ஓடும், அதுதான் தொல்லை. சர்வோ மோட்டார் வேறு வகை: 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலம், சுமார் 1 முதல் 2 மில்லிவினாடி, அதன் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

இன்றைய நிலை: 2022 டிசம்பரில் 2000 உயர்நிலைப் பள்ளிகளுக்காக 9000 ரோபாட்டிக்ஸ் கிட்களின் விநியோகம் தொடங்கியது, 2025-26 முதல் பத்தாம் வகுப்பினர் அனைவருக்கும் அது பாடம். ரோபாட்டிக்ஸ் என்று பெயர் இருந்தாலும், நடப்பது பெரும்பாலும் டிஜிட்டல் வெளியீட்டுப் பயிற்சியே: கையை நீட்டினால் ஐஆர் சென்சார் உணர்ந்து, சர்வோ திரும்பி, சானிடைசர் ஊற்றுகிறது.