பத்து நிமிட விதிக்கு ஓர் உரை

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து முதலாமாண்டு மாணாக்கர் தம்முள் பழகுமாற்றை அளத்தற்பொருட்டு, லாட் வீலரும் ஜான் நெஸ்லெக்கும் 1977இல் வெளிப்படுத்திய குறிப்பேட்டு முறையின் தலைமை விதி, ஈண்டு நூற்பாவாக்கி உரைக்கப்படும்.

ஒருவரை ஒருவர் உளங்கொண்டு நோக்கி
அவர்க்கேற்ப இவரும் ஒழுகும் தொடர்பு
பத்து நிமிடமும் மேலும் ஆயின்
அன்றே குறிக்க ஈரேழ் நாளும்.

என் நுதலிற்றோ எனின், தொடர்பாவது இன்னது என்பதூஉம், அதனை ஏட்டில் ஏற்றும் எல்லையும் உணர்த்துதல் நுதலிற்று.

'நோக்கி' என்றது கண்ணாற் காண்டலன்று, கருத்தைச் செலுத்துதல். 'ஒருவரை ஒருவர்' என இருபாலும் கூறினமையான், விரிவுரை மண்டபத்தில் நூறுபேர் தோளுரச இருப்பினும் அஃது ஏட்டில் ஏறாது.

'இவரும்' என்புழி உம்மை எச்சவும்மை. அவரும் இவர்க்கேற்ப ஒழுகினார் என்பது பெறப்படும். இச்சொல்லே நூற்பாவுக்கு உயிர். விடுதியறையில் இருவர் வாய்திறவாது தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்திருப்பின், இருவர் முகமும் ஒரு திசையவே. ஒருவர்பால் ஒருவர் திரும்பியதின்று. ஆட்டம் முடிந்தபின், 'அந்தப் பந்தை ஏன் விட்டான்?' என ஒருவன் வினவ, மற்றவன் தலையணையை மடித்துச் சாய்ந்துகொண்டு மறுமொழி தொடங்குவானாயின், ஆண்டே தொடர்பு பிறந்தது. நிமிடத்தை அங்கிருந்து எண்ணுக.

'பத்து நிமிடமும் மேலும்' எனவே, படிக்கட்டில் எதிர்ப்பட்டு நலம் வினவிச் செல்லுதல் விலக்கப்பட்டது. அற்றேல், இரண்டு நிமிடத்தில் நட்பு முறிதலும் உண்டன்றோ எனின், உண்டு. அஃது இவ்வேட்டுக்குப் புறம்பு. கண்டதெல்லாம் எழுதப் புகின் எழுதுவார் சலிப்பர். சலித்தார் ஏடு பிழைபடும். ஆயினும் இவ்வெல்லை சற்றே வன்மையுடைத்து என்றல் உரைகாரர்க்கும் உடன்பாடு.

'அன்றே' என்புழி ஏகாரம் தேற்றம். நாள் கடந்து எழுதுவோன் நடந்ததை எழுதான். தான் இத்தகையன் என எண்ணியிருப்பதை எழுதுவான்.

'ஈரேழ் நாள்' என்றமையான் வகுப்புநாளும் வாரவிடுமுறையும் இருமுறை வந்து அடங்கும்.

'குறிக்க' எனப் பொதுப்படக் கூறினும், காலம், உடனிருந்தார், அவர் பால், நெருக்கம், மனநிறைவு முதலியன கொள்க. காலம் ஒன்றே அமையாதோ எனின், அமையாது. 1983இல் வீலர், ஹாரி ரைஸ், நெஸ்லெக் மூவரும் இறுதியாண்டு மாணாக்கரிடைக் கண்டது இது: பெண்களொடு மிகுதியும் பழகினார், ஆணாயினும் பெண்ணாயினும், தனிமையுணர்வு குறைந்திருந்தனர். ஆண்களொடு கழித்த நேரத்துக்கு அத்தொடர்பு இல்லை. அவரொடு கொண்ட உறவில், நெருக்கம் முதலியவற்றான் அமையும் பொருட்செறிவே கணக்காயிற்று. ஆகலின், பாலும் நெருக்கமும் எழுதும் கட்டங்களை வெறிதே விடற்க.