பேர்ட்ல்மனின் காலுறையும் கழுத்தில் தொங்கிய பதக்கமும்

நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் தெரு ராத்தா ஒருவர் "குவாண்டம் பதக்கம்" ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார். "இரண்டு துணிக்கைகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று அறியும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்றாராம் விற்றவர். நோபல் பரிசு உண்மை. 2022இல் அலான் அஸ்பே, ஜோன் கிளவுசர், அன்டன் சைலிங்கர் மூவருக்கும் கிடைத்தது. பதக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ராத்தா மறுபடி குளிசை போடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "அப்ப அந்தப் பரிசு எதுக்கு சேர்?" என்று அவர் மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

இந்த விஷயம் பொதுமக்களிடம் வந்ததே ஒரு சண்டையோடுதான். 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் குவாண்டம் கொள்கை முழுமையற்றது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அது ஆய்விதழில் வருமுன்பே, பொடோல்ஸ்கி வழியாக நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் செய்தி போய்விட்டது. ஐன்ஸ்டைன் குவாண்டம் கொள்கையைத் தாக்குகிறார் என்று மே 4ஆம் திகதி தலைப்பு. ஐன்ஸ்டைனுக்குக் கடும் கோபம். தன் அனுமதியில்லாமல் வந்த செய்தி இது, விஞ்ஞானத்தை அதற்குரிய இடத்தில்தான் பேசுவேன் என்று அதே பத்திரிகைக்கு அறிக்கை விட்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனாலும் உரிய இடத்திலேயே வைத்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு எப்போது வந்து சேரும்?

கதவைத் திறந்தவர் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த ஜோன் பெல். வசதியில்லாத குடும்பம். பிள்ளைகளில் 14 வயதுக்குப் பிறகும் படிக்க முடிந்தது அவருக்கு மட்டும். பல்கலைக்கழகத்துக்குள் அவர் முதலில் நுழைந்தது மாணவனாக அல்ல, ஆய்வுகூட உதவியாளனாக. 1964இல் ஐன்ஸ்டைனின் சந்தேகத்தைப் பரிசோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார். பல வருடம் அதை அனேகர் கவனிக்கவில்லை.

ஜெனீவாவில் அவரோடு ரைன்ஹோல்ட் பேர்ட்ல்மன் என்ற ஒஸ்திரிய இளைஞர் வேலை செய்தார். இரண்டு காலிலும் வெவ்வேறு நிற சொக்ஸ் போடுவது அவர் பழக்கம். 1980இல் பெல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்த சொக்ஸ் வந்துவிட்டது. படமும் வரைந்தார். பேர்ட்ல்மனுக்குத் தெரியவே தெரியாது. வியன்னாவில் ஒரு நண்பர் காட்டித்தான் பார்த்தார்.

பெல் கேட்டது இதுதான். ஒரு காலில் இளஞ்சிவப்பு சொக்ஸைக் கண்டால் மற்றக் காலில் அது இல்லை என்று உடனே தெரிகிறது. இதில் மாயம் இல்லை, நிறம் காலையிலேயே முடிவானது. துணிக்கைகளும் இப்படித்தானா?

இல்லை என்பதை அடுத்த வருடம் அமெரிக்கப் பௌதிகவியலாளர் டேவிட் மெர்மின் கணக்குப் பயமில்லாமல் விளக்கினார். அவர் சொன்ன கருவியை நான் பரீட்சை மண்டபமாக மாற்றிச் சொல்கிறேன். இரண்டு மாணவர்கள், இரண்டு அறைகள். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல மூன்று கேள்விகள். ஒவ்வொருவரிடமும் அதில் ஒன்றைக் கேட்கிறோம். ஒரே கேள்வி போனால் எப்போதும் ஒரே பதில். நமக்கு என்ன தோன்றும்? மூன்றுக்கும் பதிலை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள் என்று.

அப்படியானால் ஒரு பொறி இருக்கிறது. மூன்று கேள்விகளுக்கு இரண்டு வகைப் பதில்தான், ஆகவே குறைந்தது இரண்டுக்குப் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெவ்வேறு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டால், சராசரியாக மூன்றில் ஒரு தடவையாவது பதில் ஒத்துப்போகும். துணிக்கைகளிடம் கேட்டால் வருவது நான்கில் ஒன்று. முன்பேச்சு இல்லை. 1972இல் கிளவுசரும் ஃபிரீட்மனும், 1980களின் தொடக்கத்தில் அஸ்பேயும் பெல்லின் கணக்கை ஒளியை வைத்துச் சோதித்தபோது வெவ்வேறு அமைப்புகளில் இதே முடிவுதான்.

சரி, இதை வைத்து செய்தி அனுப்பலாமா? ஏலாது. ஓர் அறையில் மட்டும் இருந்து பார்த்தால் பதில்கள் நாணயம் சுண்டினது போல, பாதிக்குப் பாதி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் உறவு தெரியும். செய்தியே போகாத இடத்தில் சுகம் எப்படிப் போகும்?

பெல் 1990இல் மௌத்தானார். பரிசை அவர் காணவில்லை.

போன வியாழன் உயர்தர வகுப்பில் அந்த மகனையும் அவன் கூட்டாளியையும் இரண்டு அறையில் இருத்தினேன். முதலில் நன்றாகப் பேசித் திட்டம் போடச் சொன்னேன். வெவ்வேறு கேள்விகளாக 90 தடவை. 34 தடவை ஒத்துப்போனது. "இன்னும் இறக்கிக் காட்டுறம் சேர்" என்று வாய்க்கு வந்த பதிலைச் சொல்லத் தொடங்கினார்கள். உடனே ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் வந்து மாட்டிக்கொண்டார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.