ஹெக்கோட்டின் நீநாசம்
கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்ள சிற்றூர் ஹெக்கோடு. 1949இல் ஊரார் சேர்ந்து தொடங்கிய நாடக அமைப்பான நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கமே நீநாசம் எனச் சுருங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் கே.வி.சுப்பண்ணா, பாக்கு விவசாயி, எழுத்தாளர், நாடக இயக்குநர். 1972இல் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தர் பெயரில் அரங்கம் எழுந்தது. அடுத்த ஆண்டு திரைப்படச் சங்கம். ‘பதேர் பாஞ்சாலி’யையும் ‘ரஷோமோன்’ படத்தையும் கிராமத்தார் பார்த்தார்கள். உயர்ந்த கலை நகரத்தாருக்கே புரியும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. 1980இல் நாடகப் பள்ளி தொடங்கியது. 1985 முதல் ‘திருகாட்ட’ குழு, அரங்கப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று நாடகம் போடுகிறது. சுப்பண்ணா 1991இல் மகசேசே விருது பெற்றார், 2005இல் மறைந்தார்.