அழுத்தாமல் பிறந்த மாத்திரை

மாத்திரை செய்வது என்றாலே அழுத்துவதுதான். மருந்துத் தூள் குழிக்குள் விழும், மேலிருந்தும் கீழிருந்தும் எஃகுத் தண்டுகள் வந்து நெரிக்கும், வில்லை வெளியே குதிக்கும். இன்றைய சுழல் இயந்திரங்கள் மணிக்கு லட்சக்கணக்கில் இப்படித் தள்ளுகின்றன. இந்த வித்தைக்கு 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய வில்லியம் ப்ரோக்டன் மருத்துவரும் அல்ல, மருந்துக் கடைக்காரரும் அல்ல. அவர் ஓர் ஓவியர். நல்ல பென்சில் கிடைக்கவில்லை என்று கிராஃபைட் தூளை அழுத்திக் கட்டியாக்கப் பார்த்தவர், அதே அச்சில் மருந்தையும் போட்டு அழுத்தலாமே என்று நினைத்தார். அதற்கப்புறம் நூற்றெழுபது வருடம் உலகம் அழுத்திக்கொண்டே இருந்தது.

2015 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. முப்பரிமாண அச்சில் உருவான ஒரு மாத்திரைக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி கொடுத்துவிட்டது. பெயர் ஸ்ப்ரிட்டம். வலிப்பு நோய்க்கானது. தயாரித்தது அப்ரீசியா என்ற நிறுவனம். ‘இனி வீட்டிலேயே மருந்தை அச்சடித்துக்கொள்ளலாம்’, ‘ஆளுக்கொரு அளவில் மாத்திரை’ என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. அந்த மாத்திரை வந்த பாதையைப் பின்தொடர்ந்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

ஸ்ப்ரிட்டத்துக்குள் இருக்கும் மருந்து புதியதல்ல. லெவெடிரசெட்டம் என்ற அந்த மருந்து பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனத்தில் பிறந்தது. அதே நிறுவனம் 1964இல் செய்த பிராசெட்டம் என்ற ஞாபகசக்தி மருந்தின் உறவு. இதன் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. வலிப்பு மருந்தாகத் தேறுமா என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக இரண்டு சோதனைகள் வைப்பார்கள். எலிக்கு மின்னதிர்ச்சி கொடுத்து வலிப்பை வரவழைப்பது ஒன்று. ரசாயனம் செலுத்தி வரவழைப்பது இன்னொன்று. லெவெடிரசெட்டம் இரண்டிலும் தோற்றது. பெருஞ்சத்தம் கேட்டாலே வலிப்பு வரும் ஒருவகை எலிகளிடம் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் சக்தி தெரிந்தது. வழக்கமான இரண்டு சோதனைகளோடு நிறுத்தியிருந்தால் இன்று உலகத்தின் நரம்பியல் மருத்துவர்கள் அதிகம் எழுதும் மருந்துகளில் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். 1999இல் கெப்ரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது 2004இல்தான் பிடிபட்டது, அதாவது அனுமதி கிடைத்து ஐந்து வருடம் கழித்து. 2008 கடைசியில் அமெரிக்காவில் காப்புரிமைத் தடை நீங்கி, மற்ற நிறுவனங்களும் அதைச் செய்ய ஆரம்பித்தன. இந்திய ஆலைகளும் அதில் முன்வரிசையில் நிற்கின்றன. நம் ஊர் நரம்பியல் மருத்துவரின் சீட்டில் ‘லெவி’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இந்த மருந்துக்கு ஒரு சங்கடம், அளவு பெரிது. ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம் என்பது சாதாரணம். அவ்வளவு தூளை அழுத்தினால் வருவது பெரிய, நீள்வட்டமான, பார்த்தாலே தொண்டையைப் பயமுறுத்தும் மாத்திரை. முதியவர்கள், குழந்தைகள், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்கள் எல்லாம் அதை வாயில் வைத்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்திருப்போம். வேறு நோயென்றால் ஒரு வேளை தவறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வலிப்பில் அப்படியில்லை, தவறிய வேளையே வலிப்பைக் கூப்பிட்டுவிடும். சிரப் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 1000 மில்லிகிராமுக்கு 10 மில்லி அளந்து ஊற்ற வேண்டும், பாட்டிலைப் பயணத்தில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பையில் போட்டுக்கொள்ளும் மாத்திரையாகவும் இருக்க வேண்டும், வாயில் சிரப்பாகவும் மாற வேண்டும் என்பதுதான் தேவை.

நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரைகள் ஏற்கெனவே உண்டு. மருந்துக் கரைசலை உறையவைத்து உலர்த்தி, பஞ்சு மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஆனால் அந்த முறைக்குக் கொள்ளளவு கம்மி. தண்ணீரில் எளிதில் கரையும் மருந்து என்றால் 60 மில்லிகிராமைத் தாண்டவே திணறும். லெவெடிரசெட்டமோ 100 மில்லி தண்ணீரில் 104 கிராம் கரையக்கூடிய பேர்வழி. அதில் ஒரு முழு கிராமை ஒரே வில்லையில் அடைக்க வேண்டும், அந்த வில்லை நொடிகளில் குலையவும் வேண்டும். அழுத்தினால் கொள்ளும், ஆனால் குலையாது. உலர்த்தினால் குலையும், ஆனால் கொள்ளாது.

இந்த முடிச்சை அவிழ்த்த இயந்திரம் மருந்துக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எம்ஐடி என்று நாம் சொல்வது, இமானுவேல் சாக்ஸ் என்ற இயந்திரவியல் பேராசிரியரும் மைக்கேல் சீமா என்ற பொருளறிவியல் பேராசிரியரும் சகாக்களோடு சேர்ந்து 1980களின் கடைசியில் உலோகம் வார்ப்பதற்கான பீங்கான் அச்சுகளைச் சீக்கிரமாகச் செய்ய வழி தேடினார்கள். தட்டில் பீங்கான் தூளை மெல்லிசாகப் பரப்புவது, அலுவலகப் பிரிண்டரில் இருப்பது போன்ற இங்க்ஜெட் தலையால் வேண்டிய இடத்தில் மட்டும் பசைநீரைத் துளித்துளியாக விடுவது, மறுபடி தூள், மறுபடி துளி. 1989 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1993 ஏப்ரலில் கிடைத்தது. பீங்கான் தூள் ஒட்டுமென்றால் வேறெந்தத் தூளும் ஒட்டத்தானே செய்யும்? சீமாவும் கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதே முறையால் மருந்தை மெல்ல விடுவிக்கும் சிறு கருவிகளைச் செய்து காட்டினார்கள். மருந்துக்குப் பதிலாகச் சாயத்தை வைத்து, எது எப்போது வெளியே வருகிறது என்று அளந்தார்கள்.

அதன் பிறகு உரிமம் கைமாறிய கதை. நியூஜெர்சியில் தெரிக்ஸ் என்ற நிறுவனம் மருத்துவ உபயோகத்துக்கான உரிமத்தை வாங்கி, சில வருடம் மாத்திரையில் முயன்று, எலும்புக்கு மாற்றாக வைக்கும் பொருள்களின் பக்கம் திரும்பியது. மருந்துப் பக்கத்தை 2003இல் தொடங்கிய அப்ரீசியா எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் சில வில்லைகள் செய்வது ஒன்று, ஆலையில் நாள் முழுக்க ஒரே அளவில், ஒரே எடையில் செய்வது வேறொன்று. 2003க்கும் 2015க்கும் நடுவிலுள்ள பன்னிரண்டு வருடத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாவதற்கே போனது.

ஆலையில் நடப்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். லெவெடிரசெட்டம், மானிட்டால், நுண்படிகச் செல்லுலோஸ், கசப்பை மறைக்கச் சுக்ரலோஸ், ஸ்பியர்மின்ட் வாசனை. மருந்துக்குக் கசப்பு என்று அதன் குறிப்புத் தாளே ஒத்துக்கொள்கிறது. தூளை ஓர் உருளை மெல்லிய படலமாகப் பரப்பும். அச்சுத்தலை மேலே போகும்போது வட்ட வட்டமாகத் தண்ணீர் கலந்த பசைத்திரவம் விழும். நனைந்த துகள் பக்கத்துத் துகளைப் பிடித்துக்கொள்ளும், நனையாதது சும்மா கிடக்கும். அதன்மேல் அடுத்த படலம். முழு உயரம் வந்ததும் ஈரத்தை உலர்த்தி, ஒட்டாத தூளை நீக்கினால் மாத்திரை நிற்கும். எஃகுத் தண்டும் இல்லை, நெரிசலும் இல்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையே இருந்த இடைவெளி அப்படியே தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டவுடன் அந்தச் சந்துகள் வழியே உள்ளே ஓடி, பிடித்திருந்த பசையைக் கரைத்துவிடும். எல்லாம் கூடி ஒரே சமயத்தில் குலையும். குறிப்புத் தாளின்படி ஒரு மிடறு திரவத்தோடு சராசரி 11 விநாடி. கம்மியென்றால் 2, அதிகமென்றால் 27.

என்னைக் கேட்டால் இந்த மாத்திரையின் மொத்தச் சாதனையும் அதிலுள்ள ஓட்டைகள்தான். அச்சு இயந்திரம் என்றால் விசித்திர வடிவங்களை நினைக்கிறோம். பூ, சிங்கம், குழந்தையின் பெயர் பொறித்த மாத்திரை. ஸ்ப்ரிட்டம் பார்ப்பதற்கு வெறும் வெள்ளை வட்டம், கொஞ்சம் தடித்தது, கொஞ்சம் சொரசொரப்பு. அச்சு அதற்குத் தந்தது வடிவமல்ல, உள்ளே காற்று.

காற்றுக்கு விலையும் உண்டு. அழுத்தாத மாத்திரை பலமில்லாத மாத்திரை. மற்ற மாத்திரைகளைப் போலப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அமுக்கி அலுமினியத் தாளைக் கிழித்து எடுத்தால் பொடிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில், மேல்தாளை ஓரத்திலிருந்து உரித்தெடுக்கும் உறையில் வருகிறது. உலர்ந்த கையால் எடுத்து நாக்கில் வைக்க வேண்டும், ஒரு மிடறு குடிக்க வேண்டும், குலைந்த பிறகே விழுங்க வேண்டும். ஈரக் கையோடு எடுத்தால் விரலிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது, முழு மாத்திரைதான். கிடைப்பது 250, 500, 750, 1000 மில்லிகிராம் என்று நான்கே அளவுகள். பிள்ளைகளுக்கென்றால் நான்கு வயதும் 20 கிலோ எடையும் தாண்டியிருக்க வேண்டும். ஆளுக்கொரு அளவு என்ற வாக்குறுதியோடு செய்தியில் அடிபட்ட முதல் அச்சு மாத்திரை, நம் வீடுகளில் அம்மாக்கள் கத்தியால் செய்துவந்த பாதி, கால் பங்கீட்டுக்கே இடம் கொடுக்கவில்லை.

அப்ரீசியா ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். அது கேட்ட அனுமதி வேறு. புதிய மருந்துக்கு ஆரம்பத்திலிருந்து ஆய்வு நடத்தாமல், கெப்ராவின் பழைய ஆதாரங்களைத் துணைக்கு வைத்து, ரத்தத்தில் இரண்டும் ஒரே அளவில் சேர்கின்றன என்று காட்டிய வழி அது. அச்சு மருந்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மற்ற மாத்திரை ஆலைக்குள்ள அதே விதிகள். அந்த விதிகளின் அடித்தளம் ‘பேட்ச்’. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய், அதில் சிலவற்றை எடுத்து உடைத்து, கரைத்துச் சோதி, தேறினால் மீதியை விற்பனைக்கு விடு. ஒரு நோயாளிக்கென்று பத்தே மாத்திரை அச்சடித்தால் எதை உடைத்துச் சோதிப்பது? இந்தக் கேள்விக்குள் போகாமலிருக்க ஒரே வழி, அச்சு இயந்திரத்தையும் அழுத்து இயந்திரம் மாதிரியே ஓட்டுவது. அப்ரீசியா அதைத்தான் செய்தது. காப்புரிமை தீர்ந்த மலிவு மருந்துக்குப் புது உடுப்பு மாட்டிப் புது விலைக்கு விற்றார்கள் என்ற குறையிலும் நியாயம் இருக்கிறது. விழுங்க முடியாதவருக்கு அந்த உடுப்புதான் மருந்து என்பதும் நியாயமே. ஸ்ப்ரிட்டம் 2016 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன்பின் வருடக்கணக்கில் அந்த வரிசையில் அது ஒண்டியாகவே நின்றது.

ஆளுக்கொரு அளவு என்ற எண்ணம் வேறு இடத்தில், வேறு இயந்திரத்தில் முளைத்தது. ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரின் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்ற அபூர்வப் பரம்பரைக் குறையுள்ள பிள்ளைகள் சிகிச்சையில் இருந்தார்கள். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை அவர்கள் உடலால் சிதைக்க முடியாது. சேர்ந்தால் மூளைக்கு ஆபத்து. அதற்காகச் சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தால் ஐசோலூசின் அளவுக்கு மீறி இறங்கிவிடும், அதை மட்டும் மருந்தாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது பிள்ளைக்குப் பிள்ளை, ரத்தப் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். மருத்துவமனை மருந்தகத்தில் கையால் நிறைத்த கேப்ஸ்யூல்களாகக் கொடுத்து வந்தார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மருந்தியல் துறையிலிருந்து 2014இல் கிளைத்த ஃபாப்ஆர்எக்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே ஓர் அச்சு இயந்திரம் வைத்தார்கள். இதில் தூளும் துளியும் கிடையாது. மருந்து கலந்த கெட்டிக் குழைவைச் சிரிஞ்சில் அடைத்து, முறுக்கு பிழிவது போல வேண்டிய அளவுக்குப் பிழிய வேண்டியதுதான். கணினியில் எண்ணை மாற்றினால் மாத்திரையின் பருமன் மாறும், அதோடு அளவும் மாறும். மென்று தின்னும் மாத்திரை. பிள்ளைகளுக்காக வெவ்வேறு நிறம், வெவ்வேறு ருசி. 2019இல் வெளியான முடிவில் இருந்தவர்கள் நான்கே பேர், 3 முதல் 16 வயது வரை. கேப்ஸ்யூலிலும் ரத்த அளவு கட்டுக்குள்தான் இருந்தது, ஆனால் அச்சு மாத்திரையில் அது இலக்குக்கு இன்னும் நெருக்கமாக, ஏற்ற இறக்கம் குறைவாக நின்றது. நான்கு பிள்ளைகளை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ஒரு மருத்துவமனை, தன் நோயாளிக்கு, அன்றைக்கு வேண்டிய அளவை, அங்கேயே அச்சடித்துக் கொடுத்தது நடந்த காரியம்.

இது மற்ற இடங்களுக்குப் பரவ இடித்தது மருந்தல்ல, சட்டம். மருத்துவமனை மருந்தகர் தன் நோயாளிக்காகக் கலந்து தருவதைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. அதே வேலையை ஐம்பது ஊர்களில் ஐம்பது இயந்திரங்கள் செய்தால் அது மருந்தகமா, ஆலையா? பிரிட்டன் இதற்கென்றே விதி எழுதியது. நோயாளி இருக்கும் இடத்திலேயே செய்யும் மருந்துகளுக்கான அந்த ஒழுங்குமுறை 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமம் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியாக இல்லை. ஒரு கட்டுப்பாட்டு மையத்துக்கு உரிமம். எந்த ஆஸ்பத்திரியில் எந்த இயந்திரம் ஓடுகிறது, அங்கே மருந்தை எப்படிச் செய்து எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மையத்தின் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் பிழிந்த மாத்திரையில் அளவு பிசகினால் கட்டுப்பாட்டாளர் முதலில் கதவைத் தட்டப்போவது அந்த மையத்தை.