டொல்பின் பட்டியலில் இல்லாத கற்பிட்டி

"கற்பிட்டியில என்ன பார்க்கலாம்?" கொழும்பிலிருந்து வாற நண்பர்கள் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலையும் அவங்களே வச்சிருப்பாங்க. நவம்பர் முதல் மார்ச் வரை ஆலங்குடாக் கடலில் டொல்பின், மே மாதம் காற்று எழும்பினால் கைட் சர்ஃபிங், நேரம் மிஞ்சினால் ஒல்லாந்தர் கோட்டை. எல்லாம் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் இந்தப் பட்டியலில் மனுசர் யாருமே இல்லை.

கோட்டையை 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். தேவாலயம் கட்டுவதாக இரண்டாம் இராஜசிங்கனிடம் அனுமதி வாங்கிவிட்டுக் கோட்டை எழுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நோக்கம் தெளிவு. களப்பின் வாயில் காவல் போட்டால் கண்டி இராச்சியத்தின் கடல் வணிகத்தை நெரித்துவிடலாம். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது உள்ளே கடற்படை.

அதற்கும் முன்னால், 1344இல், மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று இந்தக் கரைக்குத் தள்ளிவந்தது. அவர் 'பட்டாளா' என்று எழுதிய ஊர் புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தனவாம். பாரசீகம் புரிந்த ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டி, பாவா ஆதம் மலைக்கு ஆள் கூட்டி அனுப்பிவைத்தான்.

சைமன் காசிச்செட்டி பிறந்ததும் கற்பிட்டியில்தான், 1807இல். இலங்கையின் ஊர்களைப் பற்றி 1834இல் ஒரு கசெட்டியர், தமிழ்ப் புலவர்களின் வரலாறாக 1859இல் 'தமிழ் புளூட்டாக்'. இரண்டையுமே ஆங்கிலத்தில் எழுதினார்! தமிழ் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட வேண்டிய ஊர் இது. நம்ம ஆட்கள் டொல்பின் பார்த்துட்டுத் திரும்பிடுறாங்க.

பிறகு 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை, 70,000 பேருக்கும் மேல், வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ச் சனம் மீன்பிடிப் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியது. பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இடம் கொடுத்தார்கள், உள்ளூர் வீடுகளில் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆலங்குடா உட்பட இந்தப் பக்கமெங்கும் கிடுகுக் கொட்டில் முகாம்கள் எழும்பின. ஆண்டுகள் போகப் போக தண்ணீருக்கும் கூலிவேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் உரசலும் வந்தது. அதை மறைத்து, விருந்தோம்பலை மட்டும் பேசுவது சரியில்லை.

அந்த முகாம்களில் பிறந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. "சொந்த ஊர் எது?" என்று கேட்டால், இங்கேயே வளர்ந்த சிலர் இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்றாங்க.