பீனிசமும் அதன் வாயிலும்

குளிர்காலம் என்பதையே அறியாத கிராஞ்சியிலும் தேக்காவிலும் மாதக்கணக்கில் மூக்கடைப்பாலும் முகவலியாலும் வருந்துவோர் உளர். தமிழ் மருத்துவம் இந்நோயைப் பீனிசம் என்னும். பலருக்குச் சில நாளில் தணியும் இது சிலரிடம் மட்டும் நிலைத்துவிடுவது ஏன்? விடை காண மேனாட்டு மருத்துவத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூளையின் கழிவே சளியாய் ஒழுகுகிறது எனப் பண்டைக் கிரேக்கர் நம்பினர். 1651இல் ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் கன்ன எலும்பினுள் இருக்கும் குழியை விளக்கினார். பல் பிடுங்கிய துளையில் இறகை நுழைத்த பெண்மணி ஒருவர், அது மூளையைத் தொட்டதென அஞ்சினார். அஃது அக்குழியே என ஹைமோர் தேற்றினார். 1660களில் ஜெர்மானியரான ஷ்னைடர், சளி மூக்குச் சவ்விலேயே சுரக்கிறது என நிறுவினார்.

1890களில் அமெரிக்கரான கால்டுவெல்லும் பிரெஞ்சுக்காரரான லுக்கும் குழியைத் திறந்து, சீழ் வடியக் கீழே புதுவழி அமைத்தனர். ஆயினும் பலருக்கு நோய் மீண்டது. காரணத்தை ஆஸ்திரியரான மெஸ்ஸர்கிளிங்கர் தெளிவாக்கினார். அவர் நூல் 1978இல் வெளிவந்தது. கீழே துளை இருப்பினும், குழியின் நுண்மயிர்கள் சளியை மேலுள்ள இயற்கை வாயிலுக்கே தள்ளுகின்றன.

அவ்வாயில் சளிபிடிக்கும்போது சில நாள் வீங்கி அடைபடும். பெரும்பாலும் வைரஸால் வரும் இக்குறுகிய நோய் தானே தணியும். அழற்சி 12 வாரம் கடந்தால் நாட்பட்ட பீனிசம். சிங்கப்பூரின் வெப்ப ஈரத்தில் மெத்தைத் தூசியில் பெருகும் நுண்பூச்சிகள், ஒவ்வாமை உடையோரின் சவ்வை ஆண்டு முழுதும் வீங்கச் செய்யும். வீக்கம் தணியாமல் கிருமிக்கொல்லியை மீண்டும் மீண்டும் உண்பதால் அவர்க்குப் பயன் சிறிதே.